ஒரு பிடி விதை வேறு, விதை வழி வேறு

திருகோணமலைச் சந்தையில் வீட்டுத்தோட்டக்காரர் இருவர் சந்தித்தால், விலைவாசியில் தொடங்கும் பேச்சு எப்படியோ விதையில் வந்து நிற்கும். முன்பு கடைகளில் கிடைத்த ஒரு கொச்சிக்காய் இனம் இப்போது வருவதில்லை என்று ஒருவர் குறைப்படுவார். "கம்பனி அதை நிற்பாட்டிப்போட்டுது" என்பார். "கவலைப்படாதேங்கோ அண்ணை, என்னட்ட ஒரு பிடி விதை கிடக்குது" என்று மற்றவர் ஆறுதல் சொல்வார். முதலாமவருக்கு அந்த இனம் செத்துவிட்டது. இரண்டாமவருக்கு அது போத்தலுக்குள் பத்திரமாக இருக்கிறது. இருவர் சொல்வதும் பாதிதான் சரி.

விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்ட இனங்களை ஊர் மக்கள் தாங்களே காப்பாற்றுவது பற்றி இப்போது பலரும் பேசுகிறார்கள். நெல், கத்தரி, கொச்சிக்காய் முதல், சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் கஞ்சா வரை இந்த முயற்சி நடக்கிறது. ஆனால் காப்பாற்றுவது என்றால் எதைக் காப்பாற்றுவது என்ற கேள்வியை யாரும் நின்று கேட்பதில்லை. தாவரவியல் படிக்காதவர்களும் பின்தொடரக்கூடிய விதத்தில் அதை விளக்கவே இக்கட்டுரை.

கூத்துக் கொப்பியும் கூத்தும்

கிழக்கிலே ஒரு கூத்து எப்படி உயிர்வாழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பாட்டும் தருவும் எழுதப்பட்ட கொப்பி, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் பெட்டிக்குள் இருக்கும். ஆனால் கொப்பி இருக்கிறது என்பதால் கூத்து இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அதைக் களரியேற்ற வேண்டும். இளையவர்கள் தாளக்கட்டைக் காலால் பழகவேண்டும். வேறு கூத்தின் ஆட்டம் இடையில் நுழைந்துவிடாமல் மூத்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தலைமுறை தவறினால், கொப்பியில் ஓர் எழுத்தும் அழியாமலே கூத்து அழிந்துபோகும்.

விதையும் அத்தகையதுதான், ஒரு வித்தியாசம், இந்தக் கொப்பிக்கு உயிர் உண்டு, அதனால் சாவும் உண்டு. போத்தலில் இருக்கும் விதை ஒவ்வொரு மாதமும் சிறிது சிறிதாக முதுமையடைகிறது. அது சாவதற்கு முன் மண்ணில் இட்டு, செடியாக்கி, பூக்கவிட்டு, புதிய விதையை எடுக்க வேண்டும். இவ்வாறு ஒரே குணத்தொகுதியைத் தலைமுறை தலைமுறையாக ஏறக்குறைய மாறாமல் கடத்திவரும் செடிகளின் தொடரைத்தான் இக்கட்டுரையில் விதை வழி என்று சொல்கிறேன். போத்தலில் இருப்பது அந்தத் தொடரின் ஒரு கண்ணி மட்டுமே.

இந்தத் தொடர் மூன்று விதமாக அறுபடலாம்: வேற்று இனத்தின் மகரந்தம் வந்து கலந்துவிடலாம், கலக்காமலே, உள்ளே இருந்த குணங்களில் சில சத்தமின்றி உதிர்ந்துபோகலாம், அல்லது விதையே செத்துப்போகலாம். மூன்றாவதை மட்டுமே நாம் அழிவு என்கிறோம், அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிவதால்.

தாய் தெரியும், தந்தை யார்?

நீங்கள் ஒரு கத்தரிப்பழத்தைப் பிளந்து விதை எடுக்கிறீர்கள். அந்த விதைகளின் தாய் எதுவென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வளவில் நின்ற அந்தச் செடிதான். தந்தை யார்? பூவின் ஆண் பகுதியில் உண்டாகும் தூள் மகரந்தம்; அது பெண் பகுதியை அடைவது மகரந்தச் சேர்க்கை. அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்பதில்தான் விதை வழியின் தலைவிதி இருக்கிறது.

நெல்லில் கவலை குறைவு. பூ விரியும் வேளையிலேயே தன் தூள் தன் மீது விழுந்து காரியம் முடிந்துவிடுகிறது. அயல் தூள் நுழைவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இதற்குத் தன்மகரந்தச் சேர்க்கை என்று பெயர். தம்பலகாமத்து வயலில் ஒரு வரம்புக்கு இப்பால் பச்சைப்பெருமாள் என்ற பாரம்பரிய நெல்லும் அப்பால் புதிய இனமும் நின்றாலும், பூக்கள் வழியாக அவை பெரிதாகக் கலப்பதில்லை. உண்மையில் நெல் கலப்பது களத்திலும் சாக்கிலும் அறுவடை இயந்திரத்தின் வயிற்றிலுந்தான். பயறு, கௌபி, பயிற்றை ஆகியவையும் பெரும்பாலும் இவ்வாறே தம்மைத் தாமே பார்த்துக்கொள்கின்றன.

கத்தரியும் கொச்சிக்காயும் நடுவில் நிற்பவை. தம் தூளைக்கொண்டே காய்க்கக்கூடியவை, ஆனால் வண்டும் தேனீயும் வந்தால் அயலை மறுப்பதில்லை. கறிமிளகாய்க்குப் பக்கத்தில் உறைப்புக் கொச்சிக்காயை நட்டு, அந்தக் கறிமிளகாயின் விதையை அடுத்த போகத்தில் போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: முதல் ஆண்டுக் காயில் எந்த மாற்றமும் இருந்திருக்காது, மாற்றம் விதைக்குள் ஒளிந்திருந்து அடுத்த ஆண்டு கறிச்சட்டியில் வெளிப்பட்டிருக்கும்.

பூசணி, சுரை, பாகல், புடோல் ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு; பூச்சி இல்லாமல் காயே இல்லை. இவ்வாறு வேறு செடியின் தூளைப் பெறுவது அயல்மகரந்தச் சேர்க்கை எனப்படும். பூச்சிக்கு வேலி கிடையாது. ஆகவே பூசணி விதை எடுக்க விரும்புபவர் நாளை விரியப்போகும் ஓர் ஆண் மொட்டையும் ஒரு பெண் மொட்டையும் முதல் நாள் மாலையே நூலால் கட்டிவைத்து, விடியற்காலையில் அவிழ்த்து, தூளைத் தம் கையாலேயே தொட்டுவைத்து, பெண் பூவை மீண்டும் கட்டிவிட வேண்டும். நேரம் செடிக்குச் செடி மாறும்: பூசணி விடியலில் விரியும், சுரையும் பீர்க்கும் மாலையில், புடோல் இரவில். புடோலுக்காக டோர்ச் லைட்டுடன் பந்தலுக்குக் கீழே நிற்பவரைப் பார்த்து அயலவர் என்ன நினைப்பார்கள் என்பது வேறு விடயம்.

சோளனில் தூளைக் கொண்டுபோவது காற்று. கச்சான் வீசும் நாட்களில் பக்கத்து வளவுச் சோளனுக்கும் உங்களுடையதற்கும் இடையில் உள்ள தகரவேலி ஒரு பொருட்டே இல்லை.

சுருங்கச் சொன்னால், விதையின் தந்தையை நீங்கள் தெரிந்தெடுக்கவில்லை என்றால் பூச்சியோ காற்றோ தெரிந்தெடுக்கும். எந்தச் செடிக்கு எவ்வளவு காவல் வேண்டும் என்பது அதன் பூவைப் பொறுத்தது. "நாட்டு விதை" என்ற பெயரைப் பொறுத்ததல்ல.

எஃப் 1 பைக்கற்றுக்குள் இருப்பது என்ன?

கடை விதை பற்றி எங்கள் பக்கத்தில் நிலவும் உறுதியான நம்பிக்கை, அது மலடு என்பது. இது தவறு. தாம் முளைத்து வளர்ந்தாலும் தாம் கட்டும் விதை முளைக்காத செடிகளை உருவாக்கும் ஒரு தொழில்நுட்பத்துக்கு 1998 இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது உண்மை. ஆனால் அது எங்கும் விற்பனைக்கு வரவில்லை. எஃப் 1 என்று அச்சிட்ட பைக்கற்றிலிருந்து வந்த செடியின் விதை பொதுவாக முளைக்கும். சிக்கல் முளைத்த பிறகுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் எஃப் 1 கத்தரி விதை ஒரு பைக்கற்று வாங்கி நட்டேன். செடிகள் எல்லாம் அச்சில் வார்த்தவைபோல் ஒரே சீராக நின்று காய்த்தன. ஆசையில் விதை எடுத்து அடுத்த போகத்தில் போட்டேன். ஒன்றில் நீண்ட காய், ஒன்றில் உருண்டை, ஒன்றில் முள், இரண்டு செடிகள் இடுப்புயரம் வளர்ந்தும் பெயருக்கு நாலு காய். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அன்று கோபப்பட்டேன். ஏமாந்தது உண்மை, ஏமாற்றியது அவரல்லர்.

நடந்தது இது. வெவ்வேறு குணமுள்ள இரு தூய வழிகளைத் தாயும் தந்தையுமாகச் சேர்த்தால் பிறக்கும் முதல் தலைமுறை எஃப் 1. ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒரு குறிப்பு, தந்தையிடமிருந்து ஒரு குறிப்பு என்று இரண்டிரண்டு குறிப்புகள் விதைக்குள் இருக்கின்றன, இக்குறிப்பே மரபணு. எஃப் 1 செடிகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான சோடிகள் இருப்பதால் அவை சீராக நிற்கின்றன. ஆனால் அச்செடி விதை உண்டாக்கும்போது சோடிகள் பிரிந்து, சீட்டுக்கட்டைக் குலைத்துப் போட்டதுபோல் புதிதாகச் சேர்கின்றன. கிறெகர் மெண்டல் 1866 இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு வெளியிட்ட கணக்கு இதுதான்: ஒரு குணத்தில் தாய் தந்தையர் வேறுபட்டால், அடுத்த தலைமுறையில் பாதிச் செடிகளில் மட்டுமே அந்தச் சோடி முன்புபோல் இருக்கும். பத்துச் சோடிகளில் வேறுபட்டால், பத்தும் முன்புபோல் அமைந்த செடி 1024 இல் ஒன்று. இருபது சோடிகள் என்றால் பத்து லட்சத்தில் ஒன்று.

ஆகவே ஒரு நிறுவனம் எஃப் 1 இனமொன்றை நிறுத்திவிட்டால், உங்கள் கையில் இருக்கும் அதன் பிள்ளை விதைகளால் அதைத் திரும்ப உண்டாக்க முடியாது. அதைச் செய்யக்கூடியது அதன் தாய் வழியும் தந்தை வழியும் மட்டுமே. அவை நிறுவனத்தின் அறைக்குள் இருக்கின்றன. அந்தக் கலப்புச் செடிகளிலிருந்து நல்லனவற்றைப் பொறுக்கி, பல போகங்கள் தன்மகரந்தச் சேர்க்கையில் விட்டால், ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்புச் சோடிகள் பாதியாகக் குறைந்து, ஆறு தலைமுறைகளில் 64 இல் ஒரு பங்காகும், செடிகள் சீராகிவிடும். அது பயனுள்ள வேலை. ஆனால் கிடைப்பது புதிய வழி. பழையதன் பெயரை அதற்கு இடுவது பொய்யாகும்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கலப்பில் பிறந்தது எல்லாம் எஃப் 1 அல்ல. இலங்கையில் 1958 இல் வெளியிடப்பட்ட எச் 4 நெல், முருங்கக்காயன் என்ற நம் பாரம்பரிய நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் என்ற நெல்லையும் சேர்த்து, பிறகு பல தலைமுறைகள் நிலைப்படுத்தி எடுக்கப்பட்டது. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தின் பீஜீ இனங்களும் அவ்வாறே நிலைப்படுத்தப்பட்டவை. ஒரு கமக்காரர் அவற்றின் விதைநெல்லைத் தானே எடுத்து வைக்கலாம்; கலவன்களைப் பிடுங்கிவந்தால் அதே நெல் விளையும். எச் 4 இன் விதைநெல்லை நாளைக்கு ஒருவரும் தராவிட்டாலும், அதை ஒரு கிராமத்தால் காப்பாற்ற முடியும். எஃப் 1 பூசணியை அப்படிக் காப்பாற்ற முடியாது. நிறுத்தப்பட்ட இனம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதலில் கேட்கவேண்டியது, அது நிலைத்த வழியா, முதல் தலைமுறைக் கலப்பா என்பதையே.

ஐந்து செடியில் எடுத்த விதை

பூவைக் கட்டி, கலப்பைத் தடுத்துவிட்டீர்கள். இனிப் பயமில்லை என்று தோன்றும். இங்கேதான் அநேகமானோர் கவனிக்காத இழப்பு நடக்கிறது.

ஒரு பாரம்பரிய இனம் ஒரே முகமுள்ள படையல்ல, ஓர் ஊரைப்போன்றது. எல்லோரும் ஓரூரார் என்று பார்த்தவுடன் தெரியும், ஆனால் ஒருவர் வெயில் தாங்குவார், இன்னொருவர் காய்ச்சலை எதிர்ப்பார். ஒரு பைக்குள் 100 விதைகள் இருக்கின்றன, அவற்றில் 5 விதைகளில் மட்டும் உப்பு நிலத்தைத் தாங்கும் குணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு 5 விதைகளை எடுத்து நட்டால், அந்தக் குணம் ஒன்றிலேனும் இல்லாமல் போவதற்கான வாய்ப்பு 77 சதவீதம். 30 விதைகளை எடுத்தால் 16 சதவீதம்; 50 எடுத்தால் ஏறக்குறைய 3 சதவீதம். நல்ல ஆண்டுகளில் இழப்பு தெரியவே தெரியாது. கடல்நீர் புகுந்த ஒரு போகத்தில், தாங்கி நிற்கவேண்டிய செடி எங்கே என்று தேடும்போதுதான் தெரியும். இதைத் தற்செயல் இழப்பு என்று சொல்லலாம். ஒருவரும் தவறு செய்யாமலே, தொகை சிறியது என்பதனால் மட்டும் நடப்பது.

அயல்மகரந்தச் சேர்க்கையில் பழகிய செடிகளுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. சில செடிகளுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்ந்தால், சோளன் போன்றவை தலைமுறைக்குத் தலைமுறை குட்டையாகி, காய்ப்புக் குன்றி, நோயில் விழுகின்றன. இது உட்கலப்பு நலிவு. நெல்லும் பயறும் காலங்காலமாகத் தனக்குள்ளேயே சேர்ந்து பழகியவை என்பதால் அவற்றை இது அவ்வளவாகத் தீண்டாது. சில செடிகளிலிருந்தே கத்தரியும் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். சோளனுக்கோ நூற்றுக்கு மேற்பட்ட செடிகள் தேவை என்று விதை சேமிப்போர் கருதுகிறார்கள். அரைப் பரப்பு வளவில் இது நடக்குமா? ஊர் ஏன் தேவை என்ற கேள்வி முதன்முதலில் எழும் இடம் இதுதான்.

மிகக் கடினமான பாடம்

இப்போது கஞ்சாவுக்கு வருவோம். இலங்கையில் 1929 ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதியின்றி அதை வளர்ப்பது குற்றம். இங்கே யாரும் அதை வளர்க்கவேண்டும் என்பதற்காக இதை நான் எழுதவில்லை. உருகுவே 2013 இலும் கனடா 2018 இலும் அதைச் சட்டபூர்வமாக்கின. அத்தகைய நாடுகளில், விற்பனை நிறுத்தப்பட்ட பழைய வழிகளைக் காக்க வளர்ப்போர் கூடி முயல்கிறார்கள். விதை வழி அறுபடும் வகைகள் அனைத்தும் ஒரே செடியில் குவிந்திருப்பதால், பாடம் படிக்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

பனையைத் தெரிந்தவர்களுக்கு இச்செடியை விளக்குவது எளிது. ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. கஞ்சாவும் பெரும்பாலும் அப்படித்தான். தூளைச் சோளனைப்போல் காற்று கொண்டுபோகிறது. அது பல கிலோமீற்றர் செல்லக்கூடியது. ஆகவே தன்மகரந்தச் சேர்க்கை என்ற இயற்கைக் காவல் இல்லை, கலப்பு எளிது, சிறு தொகையில் நலிவும் உண்டு. இவற்றுக்கு மேல் விசித்திரமான ஒரு சிக்கலும் இருக்கிறது. போதைக்கும் மருந்துக்கும் வேண்டப்படுவது விதை கட்டாத பெண் பூ. அதனால் வளர்ப்போர் ஆண் செடிகளைக் கண்டவுடன் பிடுங்கி எறிகிறார்கள். நெல்லை உண்பவனிடம் விதைநெல் தானாகவே மிஞ்சுகிறது. இங்கோ பயன்படுத்தும் முறையே வழியை அறுக்கிறது. பெண் செடிகள் மட்டுமே முளைக்கும்படி தயாரித்த விதைகள் சந்தைக்கு வந்தபின், ஆண் பக்கம் என்பது பலரின் தோட்டங்களில் இல்லாமலே போயிற்று.

சிலர் விதையை விட்டுவிட்டு, மரவள்ளித் தடி நடுவதுபோல், பிடித்த ஒரு செடியின் கொப்பை வெட்டி வேர்விடச்செய்து வைத்திருக்கிறார்கள். அது தாய்ச் செடியின் அச்சுப் பிரதி. எஃப் 1 செடியைக்கூட இவ்வாறு மாறாமல் வைத்திருக்கலாம். ஆனால் அது ஊரிலிருந்து ஒரே ஒரு ஆளை மட்டும் காப்பாற்றியதற்குச் சமம். வாழைக்குட்டியோடு முடிக்கொத்து நோய் பரவுவதுபோல், தாய்க்கு வந்த வைரசு நோய் ஒவ்வொரு கொப்போடும் கூடவே போகும்.

இதே செடியில் நாருக்காக வளர்க்கப்படும், போதைப்பொருள் மிகக் குறைந்த வகை ஒன்றும் உண்டு. சிலர் அதைச் சணல் என்று மொழிபெயர்க்கிறார்கள். நம் சாக்கு நெய்யும் சணல் முற்றிலும் வேறு செடி. இந்த நார்வகையின் பெரிய சேகரிப்புகளில் ஒன்று ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் உள்ள, விதைகளைச் சேகரித்துக் காக்கும் வவிலொவ் நிறுவனத்தில் இருக்கிறது. 1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் நிறுவனம் பணமுடைக்குள் சிக்க, விதைகள் முதுமையடையத் தொடங்கின. அப்போது ஆம்ஸ்டர்டாமிலிருந்து இயங்கிய சர்வதேச ஆர்வலர் சங்கம் ஒன்று, அவற்றை மீண்டும் விதைத்துப் புதுவிதை எடுக்க உதவியது. நூற்றுக்கணக்கான வழிகளை ஒன்றின் தூள் மற்றதில் படாமல் வளர்த்தெடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை இதுவரை வாசித்தவர்கள் ஊகிக்கலாம்.

ஒரு வீட்டுக்கு ஒரு வழி

இந்தக் கஷ்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு பங்கீடு. ஒருவரின் வளவில் மூன்று பூசணி இனங்களை வைத்துக்கொண்டு இரவும் பகலும் பூக்கட்டுவதைவிட, மூன்று வீடுகள் ஆளுக்கொரு இனத்தைப் பொறுப்பேற்பது எளிது. பத்து வீடுகளில் பன்னிரண்டு செடிகள் வீதம் சோளன் நின்று, விதைகளைப் பின்னர் ஒன்றாகக் கலந்து பங்கிட்டால், தொகை 120 ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் 1975 இல் தொடங்கிய விதை சேமிப்போர் பரிமாற்றம் என்ற அமைப்பு இந்த எளிய எண்ணத்தில்தான் வளர்ந்தது: ஒவ்வொரு குடும்பமும் தன்னிடமுள்ள இனத்தை அறிவிக்கும், கேட்பவருக்கு அனுப்பும்.

பங்கீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை எங்கள் மாவட்டத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று மூதூர், கிண்ணியா, நிலாவெளிக் கரைகளில் கடல் ஏறியபோது, வீடுகளோடு அடுப்படிப் பரணில் இருந்த விதைக்குடுவைகளும் போயின. 2006 இல் சம்பூர் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறியபோது விதையைத் தேடி எடுக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. தம் நிலத்தை மீளக் காண அவர்கள் ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கடலோர வெக்கையில் ஒன்பது ஆண்டுகள் ஒரு கத்தரி விதை உயிரோடிருக்காது. ஒரே வீட்டில், ஒரே ஊரில் மட்டும் இருந்த வழிகள் அன்றே அறுந்தன. திருமணமாகி வேறூர் போன மகளின் கையில் கொஞ்சம் போயிருந்தவை தப்பின.

அரசாங்கச் சேமிப்பகம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தாவர மரபணு வள நிலையம் 1988 முதல் இயங்குகிறது. உலகத்துக்கே பொதுவாக, நோர்வேயின் சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008 இல் திறக்கப்பட்ட பாதாள அறையில் விதைகள் மறை 18 பாகை செல்சியசில் உறங்குகின்றன. ஆனால் அங்கேயும் உறக்கம் மட்டுந்தான். சிரியாவின் அலெப்போவில் இருந்த சர்வதேச விதை நிலையம் போரால் கைவிடப்பட்டபோது, 2015 இல் அந்த அறையிலிருந்து தன் விதைகளைத் திரும்ப எடுத்தது. எடுத்தவற்றை லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் புதுவிதை கண்டபிறகே மீண்டும் வைப்பிலிட முடிந்தது. சேமிப்பகத்தின் வாசலிலும் ஒரு வயல் வேண்டியிருக்கிறது.

வவிலொவ் நிறுவனத்துக்கு இதைவிடக் கொடிய கதை ஒன்று உண்டு. சென் பீற்றர்ஸ்பேர்க் நகர் லெனின்கிராட் என்ற பெயரில் 1941 முதல் 1944 வரை முற்றுகையில் பட்டினி கிடந்தபோது, அங்கு பணியாற்றியவர்கள் விதைகளை உண்ணாமல் காத்தனர். பலர் பசியால் இறந்தனர். அவர்களில் ஒருவர் நெல் சேகரிப்பைப் பொறுப்பேற்றிருந்த டிமித்ரி இவானொவ். அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் இருந்தன. நிறுவனத்தை வளர்த்த நிக்கொலாய் வவிலொவ் அதே போர்க்காலத்தில், 1943 இல், சிறையில் மாண்டார். அவ்வளவு விதைகளையும் ஓரிடத்தில் வைத்ததன் விலை அந்தப் பட்டினிச் சாவுகள் என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு.

போத்தலுக்குள் நடப்பது

விதையைச் சாகடிப்பவை ஈரமும் வெப்பமும். ஹரிங்டன் என்ற விதை ஆய்வாளர் தந்த எளிய கணக்கின்படி, விதைக்குள் இருக்கும் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும். எல்லா எல்லைகளிலும் பொருந்தாத பருமட்டான கணக்குத்தான் இது, ஆனாலும் நம் பாட்டிமாரின் அடுப்படிப் பரண் ஏன் வேலை செய்தது என்பதை விளக்குகிறது: சூடு இருந்தும், புகையும் வறட்சியும் ஈரத்தையும் வண்டையும் அண்டவிடவில்லை.

பரண் இல்லாத இன்றைய வீட்டில், விதையை நிழலில் நன்றாக உலர்த்தி, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும். உப்புப் போத்தலுக்குள் அரிசி போடுவோமல்லவா, அதேபோல் வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே வைத்தால் எஞ்சிய ஈரத்தை அது குடித்துவிடும். உலராத விதையைப் போத்தலில் மூடுவது, மூடாமல் விடுவதைவிடக் கெடுதி. ஒருமுறை அவசரத்தில் மூடிய பயிற்றை விதை எனக்குப் பூஞ்சணமாகத்தான் திரும்பக் கிடைத்தது.

உயிர் இருக்கிறதா என்று அறிய ஊகம் தேவையில்லை. பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி ஒரு வாரம் வையுங்கள். கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் இரண்டு வாரம். எத்தனை முளைத்தன என்பதே முளைதிறன். ஒன்பது முளைத்தால் பொறுத்திருக்கலாம். ஆறாகக் குறைந்தால் அடுத்த மழைக்கே விதைத்துப் புதுப்பிக்க வேண்டும், ஏனெனில் செத்த நான்கும் சோம்பேறி விதைகள் அல்ல; நீங்கள் அறியாத ஒரு குணத்தோடு செத்தவையாகவும் இருக்கலாம்.

பெயரும் கொப்பியும்

கஞ்சாவானாலும் கத்தரியானாலும், ஒரே பெயரில் உலவும் இரண்டு விதைகள் ஒரே வழியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயர் வாய்வழியே பரவுகிறது, வழி பூவின் வழியே பரவுகிறது; இரண்டும் வெவ்வேறு பாதைகள். ஆகவே கொடுப்பவரிடம் பெயரைவிட முக்கியமாகக் கேட்கவேண்டியவை: யாரிடமிருந்து எந்த ஆண்டு வந்தது, எத்தனை செடிகளில் விதை எடுத்தீர்கள், பூவைக் கட்டினீர்களா, பக்கத்தில் அதே பயிரின் வேறு இனம் நின்றதா. "தெரியாது" என்பதும் நல்ல பதிலே, அதையும் எழுதிவைக்கலாம்.

என்னிடம் எங்கள் பெரியம்மா தம்பலகாமத்தில் வைத்திருந்த வெள்ளைக் கத்தரியின் விதை இருந்தது. மூன்று வீடுகளுக்குக் கொடுத்தேன். ஒரு வீட்டில் ஆடு தின்றது. இன்னொரு வீட்டில் ஊதாக் கத்தரிக்கு நடுவே நட்டு, பூக்கட்டாமல் விதை எடுத்ததால் அடுத்த ஆண்டு ஊதாக் கோடுகள் வந்தன. என்னுடைய சொந்தப் போத்தலை மின்வெட்டுக் காலத்தில் வெளியே எடுத்து வைத்தவன் திரும்ப உள்ளே வைக்க மறந்தேன்; துணியில் சுற்றிய பத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. மூன்றாவது வீட்டு அக்கா, எட்டுச் செடிகளில் பூக்கட்டி எடுத்த விதையை, ஆண்டும் எண்ணிக்கையும் எழுதிய துண்டோடு பழைய மருந்துப் போத்தலில் போட்டுத் தந்தார். ஐப்பசி மழைக்கு நான் இட்ட நாற்றுகள் அந்தப் போத்தலிலிருந்து வந்தவை.